மாணவர்கள் அனுப்பும் பைத்தான் ப்ரோகிராம் 2 விநாடிக்கு மேல் ஓடினால் எப்படி நிறுத்துவது?

த்ரெட்டில் (ஒரே ப்ரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை) ஓட்டி, அது முடியும்வரை காத்திருக்கும் ஜாயினுக்கு 2 விநாடி டைம்அவுட் கொடுத்தேன், "நேரம் முடிந்தது" என்று வருகிறது, ஆனால் சிபியு 100-லேயே நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கத்தான் செய்யும். ஜாயின் டைம்அவுட் என்றால் "நான் 2 விநாடிக்கு மேல் காத்திருக்க மாட்டேன்" என்று மட்டும்தான் அர்த்தம். நீங்கள் காத்திருப்பதை விட்டுவிட்டீர்கள், த்ரெட் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வெளியிலிருந்து கொல்லும் வசதியைப் பைத்தான் தரவே இல்லை. ஜாவாவில் அப்படி ஒன்று இருந்தது. ஆனால் பாதி வேலையில் த்ரெட்டைக் கொன்றால் மற்றவர்கள் டேட்டாவைத் தொடாமல் இருக்க அது பிடித்திருந்த லாக்கெல்லாம் விடுபட்டு, அரைகுறையாக மாறிய டேட்டா மற்ற த்ரெட்களின் கையில் சிக்கும் என்பதால் 1998-ல் ஜாவா 1.2 வந்தபோதே அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு கல்லூரி லேபுக்கு இதே மாதிரி ஒரு சர்வரை நான் எழுதிக் கொடுத்தேன், அதில் பட்டதைச் சொல்கிறேன். த்ரெட் சரிப்படாது என்று தெரிந்ததும் அடுத்து எல்லாரும் போகும் இடத்துக்குத்தான் நானும் போனேன்: அலாரம் சிக்னல். 2 விநாடிக்கு அலாரம் வைத்து, மணி அடித்தால் ஒரு எக்செப்ஷனை (பிழை அறிவிப்பை) கிளப்பி, அதே ப்ராசஸுக்குள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் என் ப்ரோகிராமுக்குள்ளேயே, மாணவரின் கோடை எக்ஸெக் செய்து ஓட்டுவது. ஒரு வாரம் நன்றாக ஓடியது. ஒரு நாள் காலையில் எது எவ்வளவு சிபியு தின்கிறது என்று காட்டும் டாப் கமாண்டைப் போட்டுப் பார்த்தால் நாலு கோரில் ஒன்று முழுசாக ஓடுகிறது, மூன்று நாள் பழைய பைத்தான் ஒன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பையன் எந்த வில்லத்தனமும் செய்யவில்லை. வைல் ட்ரூ, உள்ளே ஒரு ட்ரை, அதில் இன்புட் வாங்கி எண்ணாக மாற்றி ப்ரேக், கீழே பெயர் எதுவும் போடாததால் எல்லா எக்செப்ஷனையும் பிடிக்கும் வெறும் எக்செப்ட், அதில் "மறுபடி கொடுக்கவும்" என்று ஒரு ப்ரின்ட். வகுப்பில் சொல்லிக்கொடுத்த கோட்தான். இன்புட் ஃபைல் தீர்ந்துபோனதும் வந்த எக்செப்ஷனை அந்த எக்செப்ட் விழுங்கியது, திரும்ப லூப். 2 விநாடியில் என் அலாரம் அடித்தபோது ஓட்டம் ட்ரைக்குள் இருந்தது போல, அந்த எக்செப்ஷனையும் விழுங்கிவிட்டது. அலாரம் ஒருமுறைதான் அடிக்கும், அவ்வளவுதான், கதை முடிந்தது.

இது தெரியாமல் நடந்தது. தெரிந்தே செய்ய நினைப்பவருக்கு அலாரத்துக்குப் பூஜ்ஜியம் கொடுத்து அணைக்க ஒரே வரி போதும். இன்னொன்றும் உண்டு. பைத்தானில் நீங்கள் எழுதும் சிக்னல் ஹேண்ட்லர் (சிக்னல் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) இரண்டு பைட்கோடுகளுக்கு, அதாவது பைத்தான் ஓட்டும் இரண்டு சிறு கட்டளைகளுக்கு, நடுவில்தான் ஓடும். லட்சம் கோடி வரைக்குமான ரேஞ்சை சம் ஃபங்ஷனுக்குக் கொடுத்துப் பாருங்கள். அந்த லூப் சி மொழிக்குள்ளேயே சுற்றுகிறது, அது முடிந்து வெளியே வரும்வரை உங்கள் ஹேண்ட்லருக்கு முறையே வராது.

அதனால் கடிகாரம் அந்தக் கோட் தொட முடியாத இடத்தில் இருக்க வேண்டும். தனி ப்ராசஸ், தனி யூசர், வெளியிலிருந்து சிக்கில் என்னும் கொல்லும் சிக்னல். முடித்துக்கொள் என்று கேட்கும் சிக்டெர்ம் சிக்னல் போதாது, அதைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்துவிடலாம். சிக்கில்லை யாராலும் பிடிக்க முடியாது.

தனி ப்ராசஸைத் தொடங்கும் பைத்தானின் சப்ப்ராசஸ் ரன்னுக்கு டைம்அவுட் கொடுத்தால் இதைத்தான் செய்கிறது, ஆனால் அது கொல்வது நேரடிக் குழந்தையை மட்டும். ஸ்க்ரிப்ட் ஃபோர்க் செய்து தன் நகலாக வேறு ப்ராசஸ்களைத் தொடங்கியிருந்தால் அந்தப் பேரப்பிள்ளைகள் தப்பிவிடும். புது செஷனில், அதாவது தனி ப்ராசஸ் குரூப்பாக, தொடங்கி கில்பிஜியால் குரூப்பையே கொல்லலாம், ஆனால் ஃபோர்க் ஆன பிள்ளை தானே புது செஷனைத் தொடங்கும் செட்சிட் போட்டு அந்தக் குரூப்பிலிருந்து வெளியேறிவிட முடியும். முழுதாக மூட வேண்டுமென்றால், ப்ராசஸ்களைக் கூட்டாகக் கட்டுப்படுத்தும் லினக்ஸின் சிகுரூப்தான். லினக்ஸ் 5.14-லிருந்து சிகுரூப்பில் கில் என்றே ஒரு ஃபைல் இருக்கிறது, அதில் 1 என்று எழுதினால் உள்ளே இருக்கும் அத்தனையும் போய்விடும்.

அப்புறம், எந்த நேரத்தை அளக்கிறீர்கள்? நான் முதலில் சுவர்க் கடிகாரத்தை, அதாவது வெளியே கழியும் நேரத்தை, மட்டும் வைத்தேன். தேர்வன்று 60 பேர் ஒரே நேரத்தில் சப்மிட் செய்ததும் மெஷின் திணறி, தனியாக ஓட்டினால் அரை விநாடியில் முடியும் சரியான விடைகளெல்லாம் நேரம் கடந்தது என்று தோற்றன. என் முகத்தைப் பார்க்க முடியவில்லை அன்றைக்கு. சரி என்று ப்ராசஸுக்கு வரம்பு வைக்கும் ஆர்லிமிட்டில் சிபியு வரம்பு மட்டும் வைத்தால், ஸ்லீப் போட்டுத் தூங்குபவர் சிபியுவையே தொடுவதில்லை, நாள் முழுக்கத் தூங்குவார். மேலும் அந்த வரம்பு ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனித்தனி. ஃபோர்க் ஆன குழந்தை பூஜ்ஜியத்திலிருந்து எண்ணத் தொடங்கும். இரண்டும் வேண்டும்: சிபியு 2 விநாடி, சுவர் 10 விநாடி. இப்போது என்னிடம் இருப்பது இதுதான்.

அவுட்புட்டையும் மறக்காதீர்கள். மேலே சொன்ன "மறுபடி கொடுக்கவும்" 2 விநாடிக்குள்ளேயே மெகாபைட் மெகாபைட்டாகக் கொட்டும், அதை மெமரியில் சேர்த்துவைத்தால் விழுவது உங்கள் சர்வர். ஃபைலுக்குத் திருப்பிவிட்டு ஃபைல் அளவுக்கு வரம்பு வையுங்கள்.

ப்ரோகிராமைக் கன்டெய்னர் என்னும் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கருக்குள் போட்டுவிட்டேன், முன்னால் சிக்கில் அனுப்பும்படி டைம்அவுட் கமாண்டும் வைத்துவிட்டேன் என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த சிக்கில் போய் விழுவது டாக்கர் கிளையன்ட் மேல். கன்டெய்னர், பின்னணியில் ஓடும் டாக்கர் டீமனின் கீழ் ஓடிக்கொண்டே இருக்கும். கன்டெய்னருக்குப் பெயர் வைத்து டாக்கர் கில் போடுங்கள்.

இதையெல்லாம் நீங்களே எழுத வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கருத்து. பன்னாட்டு தகவலியல் ஒலிம்பியாடுக்காக வளர்ந்த ஐசொலேட் என்ற கருவி இலவசமாகக் கிடைக்கிறது. சிபியு நேரம், சுவர் நேரம், மெமரி, ப்ராசஸ் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் ஆப்ஷன் உண்டு. நான் ஒன்றரை மாதம் எழுதியதைத் தூக்கிப்போட்டுவிட்டு அதற்கு மாறினேன்.

போட்ட பிறகு மூன்று ப்ரோகிராம்களை நீங்களே சப்மிட் செய்து பாருங்கள்: அந்த வெறும் எக்செப்ட் லூப், லட்சம் கோடி சம், ஃபோர்க் ஆகி செட்சிட் போட்டுத் தூங்கும் ஒன்று. அரை நிமிடம் கழித்து பிஎஸ் கமாண்டில் ப்ராசஸ் பட்டியல் எடுத்தால் அந்த யூசரின் பெயரில் ஒரு வரிகூட இருக்கக் கூடாது.