தனி ஆள் செய்யும் ஸ்பீக்கர்: முன்பணம் அனுப்பும் முன்

கேள்வி: கோவையில் 12-க்கு 14 அடி அறை. 8 ஓமில் 50 வாட் தரும் இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) வைத்திருக்கிறேன். பெங்களூரில் சொந்தப் பட்டறையில் ஹை-ஃபை ஸ்பீக்கர் செய்யும் ஒருவரிடம் புக்‌ஷெல்ஃப் ஜோடி ஒன்றை விசாரித்தேன். 6.5 அங்குல ஊஃபர், 1 அங்குலப் பட்டு டோம் ட்வீட்டர், பின்பக்கம் காற்று போய்வரும் துளை (போர்ட்), பெட்டியின் உள்ளளவு 14 லிட்டர். 88 டெசிபெல், 8 ஓம், 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்கிறார். ஜோடி 1,10,000 ரூபாய். 60 சதவீதம் முன்பணம், எட்டு வாரத்தில் டெலிவரி. அதே விலைக்குப் பெயர்பெற்ற கம்பெனி ஸ்பீக்கர் கடையிலேயே கிடைக்கிறது. எதை நம்பி இவரிடம் வாங்குவது?

பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால் அவர் உங்களுக்கு விற்பது என்ன என்பதில் தெளிவு வேண்டும். கீழ் ஒலி தரும் ஊஃபரும் மேல் ஒலி தரும் ட்வீட்டரும் அவர் செய்பவை அல்ல. டென்மார்க்கின் ஸ்கேன்-ஸ்பீக், நார்வேயின் சியாஸ், இந்தோனேசியாவில் தயாராகும் எஸ்.பி. அகூஸ்டிக்ஸ் என்று ஏதோ ஒரு கம்பெனியின் கேட்டலாக்கிலிருந்து வாங்குகிறார். பணம் கட்டினால் அவை யாருக்கும் கிடைக்கும். பெட்டியைக் கைதேர்ந்த கார்பென்டர் ஒருவரே செய்துவிடுவார். இவருடைய சொந்தச் சரக்கு இரண்டுதான். ஒன்று, கிராஸ்ஓவர் டிசைன், அதாவது ஒலியைப் பிரித்து ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் அனுப்பும் சர்க்யூட். இன்னொன்று, பின்னால் ஏதாவது கெட்டால் சரிசெய்து தரும் பொறுப்பு. உங்கள் கேள்விகள் எல்லாம் இந்த இரண்டைச் சுற்றியே இருக்கட்டும்.

முதலில் அவர் சொன்ன எண்களைப் பார்ப்போம். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிடிவிட்டி (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வருகிறது என்பது; அவர் சொன்ன 88 டெசிபெல் இதுதான்): இந்த மூன்றில் இரண்டுதான் ஒன்றாகக் கிடைக்கும். 14 லிட்டரில் 40 ஹெர்ட்ஸும் 88 டெசிபெலும் சேர்ந்து வருகிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலும் அந்த 88, ஊஃபர் கம்பெனியின் டேட்டாஷீட்டிலிருந்து எடுத்த எண்ணாக இருக்கும். பெட்டியில் பொருத்திய பிறகு அது நிற்காது. 20 செ.மீ. அகல முன்பலகையில் சுமார் 575 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி முன்னால் மட்டும் போகாமல் பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் பரவத் தொடங்கும். அந்த இழப்பை ஈடுகட்ட, கிராஸ்ஓவரில் மேல் அலைவரிசைகளை 3 முதல் 6 டெசிபெல் வரை தணிக்க வேண்டியிருக்கும். ஆக, முடிந்த ஸ்பீக்கரில் 84, 85 என்பதே நேர்மையான எண். ஈடுகட்டாமல் விட்டால் 88 கிடைக்கும். கூடவே மெலிந்து, முகத்தில் அறைகிற குரலும் கிடைக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. சென்சிடிவிட்டியை 2.83 வோல்ட் கொடுத்து, 1 மீட்டர் தூரத்தில் அளப்பார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது 1 வாட். 4 ஓமுக்கு அதுவே 2 வாட். 4 ஓம் ஊஃபர் போட்டு 88 என்று சொன்னால், வாட் கணக்கில் அது 85-தான். ஓமில் சொல்லும் மின்தடையான இம்பீடன்ஸ் அலைவரிசைக்கு ஏற்ப மாறும். "இம்பீடன்ஸ் எந்த இடத்தில் எவ்வளவு குறைகிறது?" என்று கேளுங்கள். 3.5 ஓமுக்குப் போகிறது என்றால், உங்கள் ஆம்ப் 4 ஓமுக்கும் ஏற்றதுதானா என்று அதன் கையேட்டில் சரிபாருங்கள். மற்றபடி 85 டெசிபெல் என்றதும் பயப்பட வேண்டாம். 50 வாட் என்பது 1 வாட்டுக்கு மேல் 17 டெசிபெல். நீங்கள் உட்காரும் இரண்டரை மீட்டர் தூரத்தில், இரண்டு ஸ்பீக்கரும் அறையின் எதிரொலியும் சேர்ந்து உச்சத்தில் சுமார் 98 டெசிபெல் கிடைத்துவிடும். வீட்டுக்கு அது தாராளம்.

அடுத்து அளவீடுகள். கேட்க வேண்டிய முதல் கிராஃப் இம்பீடன்ஸ் கிராஃப். மலிவான சாதனத்திலேயே அளந்துவிடலாம், அறையின் குறுக்கீடும் இதில் பெரிதாக இருக்காது. அதனால் அளக்க முடியவில்லை என்று சாக்குச் சொல்ல வழியில்லை. போர்ட் வைத்த பெட்டியில் இடது ஓரத்தில் இரண்டு மேடுகளும் நடுவில் ஒரு பள்ளமும் தெரியும். பள்ளம் விழும் இடமே போர்ட்டின் ட்யூனிங். அது 55 ஹெர்ட்ஸில் இருந்தால், அதற்குக் கீழே ஒலி செங்குத்தாகச் சரியும், ஒரு ஆக்டேவுக்கு (அலைவரிசை பாதியாகும்போது) 24 டெசிபெல் வீதம். அப்போது 40 ஹெர்ட்ஸ் என்ற பேச்சுக்கு இடமில்லை. 42-இல் விழுந்தால் நம்பலாம். அதுவும் அந்த 40 ஹெர்ட்ஸில் ஒலி 3 டெசிபெல் குறைந்திருக்கிறதா (மைனஸ் 3), 10 குறைந்திருக்கிறதா (மைனஸ் 10) என்று கேட்டுக்கொள்ளுங்கள். 150 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் கோட்டில் சின்னச் சுருக்கம் தெரிந்தால், பெரும்பாலும் பெட்டியின் பலகை அதிர்கிறது அல்லது போர்ட்டுக்குள் ஒலி ஒத்ததிர்கிறது என்று பொருள்.

அதன் பிறகு ஃப்ரீக்வன்சி ரெஸ்பான்ஸ், அதாவது எந்த அலைவரிசையில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் கிராஃப். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே, பக்கவாட்டில் 30 டிகிரி, 60 டிகிரி என்று அளந்த மூன்றும் ஒரே படத்தில் வேண்டும். பக்கவாட்டுக் கோடுகள் மேலே போகப்போகச் சீராக இறங்க வேண்டும். 2,000 ஹெர்ட்ஸ் சுற்றில் குழி விழுந்து 4,000-இல் மறுபடி எழும்பினால் ஊஃபரும் ட்வீட்டரும் சரியாகச் சேரவில்லை. நாகஸ்வரமும் பெண் குரலும் சத்தத்தைக் கூட்டியதும் காதைக் குத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கிராஃப் வழவழவென்று ஒரே கோடாக இருந்தால் ஸ்மூத்திங் (கோட்டின் மேடுபள்ளத்தை மழுப்புவது) எவ்வளவு என்று கேளுங்கள். மூன்றில் ஒரு ஆக்டேவ் போட்டால் குறுகிய குழிகள் மறைந்துவிடும். சாதாரண அறையில் சுவர் எதிரொலி சேராமலிருக்க முதல் 4 மில்லிசெகண்ட் ஒலியை மட்டும் எடுத்து அளப்பவருக்கு 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே விவரம் கிடைக்காது. அந்தப் பகுதியை ஊஃபரின் கோனுக்கு (அதிரும் கூம்புக்கு) அருகில் மைக் வைத்து அளந்து ஒட்டுவார்கள். அது தவறில்லை, எங்கே ஒட்டினார் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

மாடல் கிராஃபைக் காட்டினால் போதாது. உங்கள் வீட்டுக்கு வரப்போகும் ஜோடியின் இடது, வலது கோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, சீரியல் எண்ணோடு தரச் சொல்லுங்கள். இரண்டும் 1 டெசிபெலுக்குள் ஒத்துப்போக வேண்டும். மாதத்துக்கு நாலைந்து ஜோடி செய்பவர் ஒவ்வொன்றையும் கையால் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க முடியும். அதைத்தான் செய்வதில்லை என்றால் அவரிடம் போவதில் என்ன பயன்?

கிராஸ்ஓவர் போர்டை மேலிருந்து எடுத்த போட்டோ கேளுங்கள். ட்வீட்டருக்குப் போகும் வழியில் பாலிப்ரொப்பிலீன் கெபாசிட்டர் இருக்க வேண்டும். எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் மதிப்பு வருடங்கள் போகப்போக மாறும். இரண்டு காயில்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒரே திசையில் படுத்திருந்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் ஏறும். தள்ளியும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும் இருக்க வேண்டும். கனமான பாகங்கள் வெறும் ஈயப் பற்றில் நிற்காமல் பசையும் டையும் போட்டுக் கட்டியிருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் பார்சல் லாரி உலுக்கலில் உடையும். விலை உயர்ந்த கெபாசிட்டரின் பெயரைச் சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால் வேண்டாம் என்றுவிடுங்கள்.

பெட்டியைப் பற்றியும் கேளுங்கள். 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் எடையிலேயே தெரிந்துவிடும். 20 × 36 × 30 செ.மீ. பெட்டிக்குப் பலகை மட்டும் ஐந்தரை கிலோ வரும். ஊஃபர், ட்வீட்டர், கிராஸ்ஓவர், உள்தாங்கல் சேர்ந்தால் ஒன்று 9 கிலோ இருக்கும். 6 கிலோ என்றால் எங்கோ பலகை மெலிந்திருக்கிறது. எம்.டி.எஃப். ஈரம் குடிப்பது வெட்டு விளிம்பில். ஊஃபர் துளை, போர்ட் துளை இவற்றின் உட்பக்கம் சீலர் அடித்தாரா என்று கேளுங்கள். ஊஃபரை மரத்திருகால் முடுக்கினால் இரண்டு முறை கழற்றி மாட்டியதும் எம்.டி.எஃப்.-இல் பிடிப்பு போய்விடும். உள்ளே டி-நட் (மரத்தில் பதிக்கும் உலோக நட்) வைத்து போல்ட் போடச் சொல்லுங்கள். கோனைச் சுற்றிய சரவுண்ட் ரப்பராக இருக்கட்டும். ஃபோம் நம் ஊர் ஈரத்தில் பத்து, பதினைந்து வருடத்தில் பொடியாக உதிரும்.

கடை ஸ்பீக்கரில் கிடைக்காத ஒன்று இங்கே உண்டு. சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கப் போகிறீர்கள் என்று முன்பே சொல்லிவிட்டால், பேஸ் ஈடுகட்டலை அதற்கேற்ப மாற்றித் தருவார். ஒன்றரை அடிதான் இடம் என்றால் ஈடுகட்டல் 3 டெசிபெல் போதும்; திறந்த இடமென்றால் கூடுதலாக வேண்டும். ட்வீட்டர் உங்கள் காதுக்குக் கூர்மையாகப் பட்டால் ரெசிஸ்டர் மாற்றி 1 டெசிபெல் தணிக்கலாம். முதல் மூன்று மாதத்துக்குள் இந்த மாற்றம் ஒருமுறை இலவசம் என்று எழுதி வாங்குங்கள்.

உதிரி விஷயத்தில் வரலாறே பாடம். பி.பி.சி. டிசைன் செய்த எல்.எஸ்.3/5ஏ ஸ்பீக்கரை லைசென்ஸ் வாங்கிப் பல கம்பெனிகள் செய்தன. அத்தனையும் கெஃப் கம்பெனியின் பி110 ஊஃபரையும் டி27 ட்வீட்டரையும் நம்பி இருந்தன. 1990-களின் இறுதியில் கெஃப் அவற்றை நிறுத்தியதும் அந்த வரிசை அப்போதைக்கு நின்றுபோனது. அதனால் டிரைவர்களின் (ஊஃபர், ட்வீட்டர் இரண்டின்) முழு மாடல் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஒரு ஊஃபரும் ஒரு ட்வீட்டரும் ஸ்பேராக இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். கிராஸ்ஓவர் சர்க்யூட் படத்தை ஓர் உறையில் போட்டு ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஒரே ஆள் நடத்தும் தொழில். நாளை அவர் கடையை மூடினாலும் உள்ளூர் டெக்னீஷியன் சரிசெய்ய முடிய வேண்டும்.

60 சதவீத முன்பணம் அதிகம். டிரைவர் வாங்க 40, உங்கள் ஜோடியின் கிராஃபும் போட்டோவும் வந்ததும் 40, பெட்டி வந்து ஏழு நாள் கழித்து 20 என்று பேசுங்கள். திருப்பி அனுப்ப 14 நாள் அவகாசமும், லாரிக் கட்டணம் யாருடையது என்பதும் மெயிலில் பதிவாகட்டும். விலையில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். "இருநூறு மணி நேரம் ஓடினால் சரியாகும்" என்ற பேச்சில் அந்த 14 நாளைத் தொலைத்துவிடாதீர்கள். புது ஊஃபரின் சரவுண்ட் சில மணி நேரத்தில் இளகிவிடும். 3,000 ஹெர்ட்ஸில் இருக்கும் மேடு எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் கரையாது.

மறுவிற்பனையில் பெயர் தெரியாத ஜோடிக்கு நல்ல விலை வராது. இரண்டு வருடத்தில் மாற்றும் பழக்கம் இருந்தால் கடை ஸ்பீக்கரே மேல். கிராஃப் தர மறுத்தாலும் அதேதான்.

பார்சல் வந்ததும் ஆம்பில் மாட்டும் முன் இரண்டு சோதனை. மல்டிமீட்டரை ஸ்பீக்கர் டெர்மினலில் வையுங்கள்: 8 ஓம் ஊஃபர் என்றால் 5.5 முதல் 6.5 ஓம் காட்டும், இரண்டு பெட்டிக்கும் வித்தியாசம் 0.2-க்குள் இருக்க வேண்டும். பிறகு 1.5 வோல்ட் பென்டார்ச் செல்லின் பாசிட்டிவைச் சிவப்பிலும் நெகட்டிவைக் கறுப்பிலும் ஒரு நொடி தொடுங்கள். இரண்டு ஊஃபரும் ஒரே திசையில் நகர வேண்டும், வழக்கமாக வெளியே. ஒன்று உள்ளே போனால் ஒயர் மாறியிருக்கிறது. மாட்டிய பிறகு 40 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோனை மிதமான சத்தத்தில் ஓட்டி, கையைப் பெட்டியின் மேல் வைத்தபடி கிறுகிறுப்போ காற்றுச் சீற்றமோ கேட்கிறதா என்று கவனியுங்கள். அட்டைப் பெட்டியையும் ஃபோமையும் தூக்கிப் போடாமல் பரணில் வைத்திருங்கள். சர்வீஸுக்கு அனுப்ப வேண்டிவந்தால் அதே அளவில் வேறு பெட்டி கிடைக்காது.