பழைய ஸ்பைஸ் ஃபைலும் புதிய கீகேட்டும்: கேள்வி-பதில்

கே: சர்க்யூட் வரையும் சாஃப்ட்வேரான கீகேட் (KiCad) 5-இல் வரைந்த ஆம்ப்ளிஃபயரை 8-இல் திறந்தால் பாதி சிம்பல்களின் இடத்தில் கேள்விக்குறிதான் இருக்கிறது.

ப: ஸ்கீமேட்டிக்கை மட்டும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, சிம்பல்கள் இருக்கும் கேஷ் லிப் (-cache.lib) ஃபைலைப் பழைய கம்ப்யூட்டரிலேயே விட்டிருப்பீர்கள். ஃபோல்டரோடு கொண்டுவாருங்கள். காப்பி எடுத்துவிட்டுத் திறங்கள். 8-இல் சேவ் செய்தது 5-இல் திறக்காது.

கே: சிமுலேஷன் ஓடவில்லை. அவசரம்.

ப: என்ன சர்க்யூட், எந்த வெர்ஷன், எர்ரர் என்ன? ஒன்றையாவது எழுதியிருக்கலாம். கிரவுண்ட் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.

கே: பிஸ்பைஸ் (PSpice) சிமுலேட்டரில் செய்ததைக் கீகேட்டில் திரும்ப வரைந்து, அதே 2என்3904 டிரான்சிஸ்டர் மாடலைக் கொடுத்தேன். கெயின் ஒன்றுகூட வரவில்லை. மாடல் பழுதா?

ப: மாடலைத் திட்டாதவர்களே இல்லை. டிரான்சிஸ்டரின் கால் (பின்) வரிசையைப் பார்த்தவர்தான் யாரும் இல்லை! இந்த சிமுலேட்டர்களுக்கெல்லாம் அடிப்படையான ஸ்பைஸுக்கு டிரான்சிஸ்டர் என்றால் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்ற வரிசைதான். 2என்3904-க்கோ முதல் கால் எமிட்டர், மூன்றாவது கலெக்டர். நம்பர்படியே கோர்த்துவிட்டால் டிரான்சிஸ்டர் தலைகீழாகிவிடும். கொடுமை என்னவென்றால், எர்ரரே வராது. பரவலாகக் கிடைக்கும் மாடலில் நேர் பீட்டா (கரண்ட் கெயின்) 400-க்கு மேல்; திருப்பிப் போட்டால் முக்கால்கூடத் தேறாது. பிசி547 வைப்பவர்கள் தப்பிக்கிறார்கள், அதன் கால் வரிசையே கலெக்டர், பேஸ், எமிட்டர் என்பதால். அதைத் தங்கள் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொள்கிறார்கள். ஆப்ஆம்ப் இன்னும் மோசம். 741-இன் வழக்கமான மாடலில் ப்ளஸ் இன்புட், மைனஸ் இன்புட், ப்ளஸ் சப்ளை, மைனஸ் சப்ளை, அவுட்புட் என்று 1 முதல் 5 வரை. ஐசியில் அதே வரிசை 3, 2, 7, 4, 6. எனக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை இதில் போயிருக்கிறது. மாடல் ஃபைலின் சப்சர்க்யூட் (.subckt) வரியைப் படித்து, மாடல் எடிட்டரில் ஒவ்வொரு காலாகப் பொருத்துங்கள்.

கே: என்கிரிப்ட் செய்த பிஸ்பைஸ் மாடல், கீகேட்டுக்குள் இருக்கும் என்ஜிஸ்பைஸ் (ngspice) சிமுலேட்டரில் ஓடுமா?

ப: ஓடாது.

கே: எல்டிஸ்பைஸ் (LTspice) சிமுலேட்டரில் 1எம் (மெகாஓம்) ரெசிஸ்டர் ஷார்ட் ஆனதுபோல் நடக்கிறது.

ப: அங்கே எம் என்றால் மில்லி, சின்ன எழுத்தானாலும் பெரிய எழுத்தானாலும். மெக் என்று எழுதுங்கள்.

கே: பழைய ஆசிலேட்டர் புதியதில் ஆடவே இல்லை. அவுட்புட் நேர்கோடு.

ப: போர்டில் அதைக் கிளப்பிவிட நாய்ஸ் இருக்கிறது, நேரப்போக்கில் கணக்கிடும் டிரான்சியன்ட் ஓட்டத்தில் அது கிடையாது. ஒரு கெப்பாசிட்டருக்கு ஆரம்ப வோல்டேஜ் கொடுங்கள், அல்லது சப்ளையை 0-இலிருந்து ஏற்றுங்கள். பழைய புராஜெக்டில் மேக்சிமம் ஸ்டெப் (இரண்டு கணக்குப் புள்ளிகளுக்கு இடையே அதிகபட்ச நேரம்) என்ன வைத்திருந்தீர்கள் என்றும் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 50, 100 புள்ளியாவது விழ வேண்டும். இதையும் காப்பியில்தான் செய்ய வேண்டும், சரியா?