கறுப்பின அமெரிக்கத் திருச்சபைகளுக்குச் சீர்திருத்த இறையியல் அந்நியமானதா?

"பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் வழிவந்த, தேவனே எல்லாவற்றையும் ஆளுகிறார் என்று வலியுறுத்தும் சீர்திருத்த இறையியல் வெள்ளையர்களுடையது. அதைக் கறுப்பின அமெரிக்கத் திருச்சபைகளுக்குள் கொண்டுவருவது சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சரிதான், செய்யவேண்டியதும்கூட. ஆனால் அந்தப் பணியில் இறங்குகிறவர்கள் முதலில் லெமுவேல் ஹெய்ன்ஸின் வரலாற்றைப் படிக்க வேண்டும். இந்த இறையியல் அங்கே புதிதாகப் போய்ச் சேரும் சரக்கு அல்ல.

ஹெய்ன்ஸ் 1753இல் கனெக்டிகட்டில் பிறந்தவர். தந்தை கறுப்பர், தாய் வெள்ளையர், இருவருமே கைவிட்டுவிட்டார்கள். மாசசூசெட்ஸின் கிரான்வில் ஊரில் ஒரு டீக்கன் (சபை ஊழியர்) வீட்டில் ஒப்பந்த வேலைக்காரராக வளர்ந்தார். சனிக்கிழமை மாலைக் குடும்ப ஜெபத்தில் பெயர்பெற்ற போதகர் ஒருவரின் பிரசங்கத்தை வாசிப்பது அந்த வீட்டு வழக்கம். ஒரு மாலை ஹெய்ன்ஸ் தாம் எழுதிய பிரசங்கத்தையே வாசித்துவிட்டார். டீக்கனுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஒயிட்ஃபீல்டுடையதா, டேவிஸுடையதா என்று விசாரித்தார். லெமுவேலுடையது என்று பதில் வந்தது!

அமெரிக்க விடுதலைப் போரில் படைவீரராக இருந்த அவர், 1776 வாக்கில் அடிமை முறைக்கு எதிராக ஒரு கட்டுரை எழுதினார். விடுதலை தேவன் தந்தது, அதைப் பறிக்க எந்த மனிதனுக்கும் உரிமையில்லை என்பது அவர் வாதம். 1785இல் போதகராக அபிஷேகம் பெற்று, வெர்மாண்டின் ரட்லண்டில் வெள்ளையர் சபையொன்றை முப்பது ஆண்டுகள் நடத்தினார். தேவனுடைய சர்வ ஆளுகையை விட்டுக்கொடுக்காத கால்வினியர் அவர். பின்னாளில், அடிமையாகப் பிறந்து பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் படித்த பிரான்சிஸ் கிரிம்கே, வாஷிங்டனில் பிரஸ்பிட்டேரியன் (கால்வின் வழிவந்த ஒரு சபைப் பிரிவு) போதகராக இருந்துகொண்டே, கறுப்பர்களைக் கும்பல்கள் அடித்துக் கொன்றதைக் கண்டித்துப் பிரசங்கித்தார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மூடிமறைக்கக் கூடாது. சீர்திருத்த இறையியலாளர்களில் பெயர்பெற்ற ஜோனதன் எட்வர்ட்ஸ் 1731இல் வீனஸ் என்ற சிறுமியை விலைக்கு வாங்கினார். ஜார்ஜியாவில் அடிமை முறையைச் சட்டமாக்கும்படி ஒயிட்ஃபீல்டு வாதாடினார். உள்நாட்டுப் போருக்குப் பிறகும் பிரஸ்பிட்டேரியன் இறையியலாளர் டாப்னி அடிமை முறையை நியாயப்படுத்தி எழுதினார். எட்வர்ட்ஸின் நூலை ஒரு கறுப்பின இளைஞர் கையில் கொடுப்பவர், வீனஸின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், அந்த இளைஞர் பிற்பாடு தாமாகக் கண்டுபிடிக்கும் நாளில் நூலோடு கொடுத்தவரையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார். அந்தக் கோபத்தில் தவறில்லை.

எனக்கு மிகவும் வேதனை தருவது வேறொன்று. இறையியல் கல்லூரியிலிருந்து கறுப்பினச் சபைகளுக்குத் திரும்பும் சில இளம் போதகர்கள், பிரசங்கத்துக்குச் சபை குரல்கொடுத்துப் பதில் சொல்வதையும், கைதட்டிப் பாடுவதையும் கோட்பாட்டுக் குறையாகப் பார்க்கிறார்கள். விசுவாசித்தால் செல்வமும் சுகமும் வரும் என்னும் செழிப்பு உபதேசத்தை எதிர்க்கட்டும், அது அவசியம். ஆனால் அமைதியாக உட்கார்ந்து கேட்பது நியூ இங்கிலாந்துப் பழக்கமே தவிர, வேதாகமக் கட்டளை அல்ல. அந்தச் சபைகளில் முதியவர்கள் ஜெபிக்க எழுந்தால், இன்று காலை என்னை எழுப்பிவிட்டதற்காக ஸ்தோத்திரம் என்றுதான் பெரும்பாலும் தொடங்குவார்கள். தேவ பராமரிப்பு என்று இறையியல் நூல்கள் பல அத்தியாயங்களில் விளக்குவது அந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஆகவே, கற்பிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தால் ஆதியாகமம் 50ஆம் அதிகாரத்தில் தொடங்குவேன். சகோதரரால் விற்கப்பட்ட யோசேப்பு, நீங்கள் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்கிறான். விற்றது பாவம்தான் என்பதையும், தேவன் ஆளுகிறார் என்பதையும் அவன் சேர்த்தே சொல்கிறான். கிரிம்கேயின் பிரசங்கங்களை அதற்கு அடுத்து வாசிக்கலாம். கால்வினியத்தின் சுருக்கமாகக் கருதப்படும், டார்ட் திருச்சபைச் சங்கத்தின் ஐந்து கோட்பாடுகள் அதன் பிறகு வரட்டும்.