வெனிஸ் கால்வாய் ஓரம் ஒரு கோப்பை: நின்றால் ஒரு விலை, உட்கார்ந்தால் ஒரு விலை

கேள்வி: எங்கள் 25-ஆம் திருமண நாளுக்காக மே மாதம் நானும் மனைவியும் வெனிஸ் போகிறோம். வெனிஸை ஒட்டிய மெஸ்த்ரேயில் இரண்டு இரவு தங்குகிறோம். ஒரு மாலை தண்ணீரைப் பார்த்தபடி எதையாவது குடித்து, கொறித்துவிட்டு வர ஆசை. ஆனால் போன வருடம் போய்வந்த நண்பர், பெரிய சதுக்கத்தில் இரண்டு பானத்துக்கும் ஒரு சின்னத் தட்டு நொறுக்குத் தீனிக்கும் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்ததாகச் சொல்லிப் பயமுறுத்துகிறார். எங்கள் டிராவல் ஏஜென்ட், ஆளுக்கு 95 யூரோ கட்டினால் 'அபெரிட்டிவோ மாலை' (இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடிப்பதும் கொறிப்பதும்) என்று ஒரு பேக்கேஜ் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? மனைவி சுத்த சைவம், மது தொடமாட்டார். நான் கொஞ்சம் ஒயின் குடிப்பேன். – கோவை வாசகர்

பதில்: வாங்காதீர்கள். அந்த பேக்கேஜில் என்னென்ன இருக்கிறது என்று ஏஜென்டை எழுத்தில் தரச் சொல்லுங்கள். இப்படிப்பட்டவற்றில் நான் பார்த்தவரை இரண்டு கோப்பை மது, நான்கைந்து சிற்றுண்டி, கூடவே ஒரு வழிகாட்டி இருப்பார். மதுவை உங்கள் மனைவி தொடமாட்டார். சிற்றுண்டியில் பாதிக்கு மேல் மீன். யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அவருக்காக மட்டும் நீங்கள் கட்டும் பணம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. அதே மாலையை, அதே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, நீங்கள் இருவரும் சேர்ந்து முப்பது யூரோவுக்குள் முடித்துவிடலாம்.

உங்கள் நண்பரை யாரும் ஏமாற்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கொடுத்தது நாற்காலிக்கான விலை. இத்தாலியில் ஒரே காபிக்கு இரண்டு விலை உண்டு. கடைக்குள் கவுன்டர் மேடை ஓரம் நின்று குடித்தால் ஒன்று, மேசையில் உட்கார்ந்து பரிமாறச் சொன்னால் இன்னொன்று. 'அல் பாங்கோ' என்றால் நின்று குடிப்பது, 'அல் தாவோலோ' என்றால் மேசை. நம் ஊரில் ஏ.சி. அறைக்குத் தனி விலை வைப்பார்களே, அதுபோலத்தான். ஆனால் அங்கே வித்தியாசம் ஒரு மடங்கு, இரண்டு மடங்கு, உங்கள் நண்பர் சொன்ன பெரிய சதுக்கமான சான் மார்க்கோவில் அதற்கும் மேலே போகும்.

அந்தச் சதுக்கத்தில் இன்னொன்றும் சேரும். 1720 டிசம்பர் 29 அன்று திறந்த ஃப்ளோரியான் காபி மாளிகை அங்கேதான் இருக்கிறது. அதற்கு எதிர்வரிசையில் குவாத்ரி என்ற இன்னொரு காபி மாளிகை. வெளியே மேடை போட்டு வாத்தியக்குழு வாசிக்கும். வாசிப்பு நடக்கும்போது வெளி மேசையில் உட்கார்ந்தால் இசைக் கட்டணம் என்று ஆளுக்கு ஆறு யூரோ அளவில் பில்லில் ஏறும். இதை மறைப்பதில்லை, பட்டியலிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நம்மவர்கள் படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்துவிட்டு, பில்லைப் பார்த்தபிறகுதான் பட்டியலைப் படிக்கிறார்கள். சதுக்கம் பொது இடம். பத்தடி தள்ளி நின்று அதே வயலினைக் காசில்லாமல் கேட்கலாம். கேளுங்கள், அருமையாக வாசிப்பார்கள்.

எங்கே உட்கார்ந்தாலும் உட்காரும் முன் பட்டியலில் மூன்று சொற்களைத் தேடுங்கள். 'கொப்பெர்த்தோ' என்பது மேசை விரிப்புக்கும் ரொட்டிக்குமாகத் தலைக்கு வாங்கும் தொகை, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு யூரோ. 'செர்வீட்சியோ' என்பது மொத்தத் தொகையின் மேல் போடும் சதவீதம். மூன்றாவதுதான் ஆபத்தானது: 'எத்தோ'. நூறு கிராம் என்று பொருள். மீன் பெயருக்கு எதிரே 8 யூரோ என்று போட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் இந்தச் சொல் இருந்தால் அது நூறு கிராமின் விலை. முழு மீன் ஒரு கிலோ என்றால் எண்பது யூரோ. 2018 ஜனவரியில் நான்கு ஜப்பானிய மாணவர்களுக்கு சான் மார்க்கோ அருகே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 1,100 யூரோவுக்கு மேல் பில் போட்டு, அது உலகச் செய்தியாகி, அந்தக் கடைக்குப் பெரிய அபராதம் விழுந்தது. விலைப்பட்டியல் பார்வைக்கு வைக்காத கடைக்குள் நுழையவே வேண்டாம். வாசலில் நின்று 'நமஸ்தே' என்று கூப்பிடும் ஆளிருக்கும் கடைக்கும் அதே விதிதான். நல்ல கடைக்கு ஆள்பிடிக்க ஆள் தேவைப்படுவதில்லை.

இனி நீங்கள் போகவேண்டிய இடத்துக்கு வருகிறேன். வெனிஸ்காரர்கள் மாலையில் போவது 'பாக்காரோ' என்ற சின்னக் கடைக்கு. நாலு பேர் உள்ளே நின்றால் ஐந்தாமவர் வாசலில் நிற்கவேண்டிய அளவுதான் இருக்கும். மேடைமேல் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் வரிசையாக 'சிக்கெத்தி' எனும் ஒருவாய், இருவாய்ச் சிற்றுண்டிகள். விரல்நீள ரொட்டித்துண்டின் மேல் வெண்ணெய்போல வெளுத்த ஒரு கலவையைக் கரண்டியால் குவித்திருப்பார்கள். அது காய்ந்த காட் மீனை ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெய் விட்டு அடித்து நுரைக்கவைத்தது. 1432-இல் பியெத்ரோ குவெரினி என்ற வெனிஸ் கப்பல்காரர் நார்வேயின் ரோஸ்ட் தீவில் கரையொதுங்கி, அங்கே மீனைக் காற்றில் உலர்த்தி வைப்பதைப் பார்த்துவந்து சொன்னார் என்பது வரலாறு. பக்கத்தில் வெங்காயம், வினிகர், உலர்திராட்சையில் ஊறிய மத்தி இருக்கும். நம் நாக்குக்கு அது சட்டென்று பிடிக்கும். நீங்கள் அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் அதையே முதலில் கேளுங்கள்.

ஒரு துண்டு பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்றரை யூரோ. ஒயினைச் சின்னக் கோப்பையில் தருவார்கள். அதற்கு அங்கே 'ஓம்ப்ரா' என்று பெயர், நிழல் என்று பொருள். சான் மார்க்கோ மணிக்கூண்டின் நிழல் நகர நகர ஒயின் விற்பவர்களும் வண்டியை நகர்த்தினார்கள், அதனால் அந்தப் பெயர் என்பார்கள். ஆரஞ்சு நிறத்தில் எல்லார் கையிலும் நீங்கள் பார்க்கப்போவது ஸ்ப்ரிட்ஸ், ஒயினில் கசப்பு மதுவும் சோடாவும் கலந்த பானம். வெனிஸ் ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்த 19-ஆம் நூற்றாண்டில், அந்தச் சிப்பாய்கள் உள்ளூர் ஒயின் கடுமையாக இருக்கிறது என்று தண்ணீர் தெளித்துக் குடித்ததில் பிறந்தது. பாக்காரோவில் நான்கைந்து யூரோ. 'செலெக்ட்' ஊற்றிக் கேளுங்கள். அது 1920 முதல் வெனிஸின் சொந்தச் சரக்கு, கொஞ்சம் கசப்பு தூக்கலாக இருக்கும், பச்சை ஆலிவ் ஒன்றைப் போட்டுத் தருவார்கள்.

உங்கள் மனைவிக்கு 'அனால்கோலிக்கோ' என்று சொன்னால் போதும், மது இல்லாதது என்று புரிந்துகொள்வார்கள். ஆரஞ்சு நிறத்தில் கிரோதீனோ, சிவப்பு நிறத்தில் சான்பித்தேர் என்று அதே கசப்பில் பாட்டில் பானங்கள் உண்டு.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். 'இறைச்சி இருக்கிறதா' என்று கேட்டால் 'இல்லை' என்று உண்மையாகவே சொல்வார்கள், உள்ளே மீன் இருக்கும். அவர்கள் வழக்கில் மீன் இறைச்சி இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் குழுவில் வந்த மதுரை ஆசிரியை ஒருவருக்காக நான் அப்படித்தான் கேட்டேன். கடைக்காரர் இல்லை என்றார். ரொட்டிக்குள் மொத்தரெல்லா வைத்துப் பொன்னிறமாகப் பொரித்த அந்தப் பண்டம் பார்க்க நம் பிரெட் பஜ்ஜிபோலவே இருந்தது. அவர் கடித்து இழுத்தபோது உருகிய சீஸோடு சேர்ந்து ஒரு நெத்திலி நீண்டு வந்தது. அன்று இரவு அவர் எதுவும் சாப்பிடவில்லை. இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்: 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே'. இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல். நெத்திலிக்கு 'அச்சூகே' என்று பெயர், அதையும் தனியாகக் கேட்டுவிடுங்கள். அந்தப் பொரித்த ரொட்டியிலும் பாதியாக வெட்டிய அவித்த முட்டையிலும் அது ஒளிந்திருக்கும். சுட்ட கத்தரிக்காய், சீமைச் சுரைக்காய், கோர்கொன்சோலா சீஸோடு வால்நட், கூனைப்பூவின் (ஆர்டிசோக்) அடிப்பகுதி, ஆலிவ் இவை கிடைக்கும். அவர் பசியாறுவார்.

இடம்? சான் த்ரோவாசோ கால்வாய்க்குப் போங்கள். எதிர்க்கரையில் கொந்தோலா செய்யும், பழுதுபார்க்கும் பட்டறை இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். மலைநாட்டு வீடுபோல மரத்தில் கட்டியது. கருப்புப் படகுகளைச் சரிவில் இழுத்துக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். இந்தக் கரையில் நின்று கையில் கோப்பையோடு அதைப் பார்க்கலாம். கடற்காகத்தை மட்டும் மறக்காதீர்கள், கையில் உள்ளதைப் பின்பக்கமாக வந்து பறித்துக்கொண்டு போய்விடும். சுவரை ஒட்டி நில்லுங்கள். அங்கிருந்து இரண்டு நிமிடம் நடந்தால் ஸாத்தெரே கரை. எதிரே ஜுதெக்கா தீவில், 1575-77 கொள்ளைநோய் தீர்ந்ததற்கு நன்றியாகக் கட்டடக் கலைஞர் பல்லாதியோ வடிவமைத்த ரெதென்தோரே தேவாலயம். மே மாதம் சூரியன் எட்டரை மணி வாக்கில் மறையும். அதற்கு முந்தைய அரைமணியில் அந்த வெள்ளை முகப்பு மேல் வெயில் விழுவதைப் பாருங்கள். 25-ஆம் ஆண்டுக்கு அதைவிட நல்ல இருக்கை எனக்குத் தெரியாது. ரியால்தோ பாலத்தை ஒட்டிய மேசைகளை விட்டுவிடுங்கள்.

படிக்கட்டிலோ பாலத்திலோ உட்கார்ந்து பொட்டலம் பிரிக்கக் கூடாது. அபராதம் போடுகிறார்கள். 2019-இல் ரியால்தோ பாலத்தடியில் அடுப்பு வைத்துக் காபி போட்ட இரண்டு ஜெர்மானியர்களுக்கு 950 யூரோ விழுந்தது.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் உங்களைக் கட்டாயம் தொடப்போகிற ஒன்று. 2024 ஏப்ரல் 25 முதல், பகல் நேரத்துக்கு மட்டும் வந்துபோகிறவர்களிடம் வெனிஸ் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. அந்த ஆண்டு 29 நாட்கள், 2025-இல் 54 நாட்கள். மே மாத வார இறுதிகள் அதில் வரும். முன்பே கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. மெஸ்த்ரே தனி ஊர்போலத் தெரிந்தாலும் வெனிஸ் நகராட்சிக்குள்தான் இருக்கிறது. நகராட்சிக்குள் இரவு தங்குகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் ஓட்டலில் தங்கல் வரி கட்டிவிடுகிறீர்கள். பாதுவாவிலோ த்ரெவீசோவிலோ தங்கியிருந்தால் இந்த விலக்கு கிடையாது, அவை வேறு நகராட்சிகள். ஆனால், இங்கேதான் எல்லாரும் சிக்குகிறார்கள், விலக்கு இருப்பது மட்டும் போதாது. விலக்கு இருக்கிறது என்று நகராட்சி இணையதளத்தில் பதிந்து, ஒரு கியூஆர் குறியீட்டை வாங்கிக் கைபேசியில் வைத்திருக்கவேண்டும். இல்லாமல் மாட்டினால் 50 முதல் 300 யூரோ வரை அபராதம். வரி கட்டிய விருந்தாளியை, நான் வரி கட்டினேன் என்று மறுபடியும் நிரூபிக்கச் சொல்வது என்ன நியாயம்? ஓட்டலும் நகராட்சியும் தங்களுக்குள் பேசி முடித்திருக்கவேண்டிய வேலை இது. எழுபது வயதுத் தம்பதிகளை நிலைய வாசலில் நிறுத்திக் கைபேசியைத் தேடவைப்பதைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்திருக்கிறது.

அந்தக் கட்டணம் காலை எட்டரையிலிருந்து மாலை நான்கு வரைதான். நான்குக்கு மேல் நுழைகிறவர்களுக்கு எதுவும் தேவையில்லை. மாலை ஒரு கோப்பைக்காக மட்டும் போவதென்றால் நாலேகாலுக்கு இறங்குங்கள், பதிவே வேண்டாம். பகலிலும் சுற்றப்போகிறீர்கள் என்றால் பதிந்துகொள்ளுங்கள். அந்த விலக்குப் பதிவு இலவசம். அதற்கு உங்கள் ஏஜென்ட் 'புராசஸிங்' என்று ஒரு தொகை கேட்டால், அந்த ஒரு கேள்வியிலேயே அவரைப் புரிந்துகொள்ளலாம்.

ஏஜென்ட் அடுத்து 'கொந்தோலாவில் அபெரிட்டிவோ' என்பார். படகுக்கு நகராட்சி நிர்ணயித்த விலை பகலில் 90 யூரோ, மாலை ஏழுக்கு மேல் 110. அது படகுக்கு, தலைக்கு அல்ல. ஆசையிருந்தால் துறையில் நேராகப் போய் ஏறுங்கள். ஏறும் முன் விலையையும் நேரத்தையும் வாயால் சொல்லவைத்துவிடுங்கள். ஓட்டல்காரர், கண்ணாடிப் பொருள் செய்யும் தீவான 'முரானோவுக்கு இலவசப் படகு' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது கண்ணாடிக் கடை வாசலில்தான் போய் நிற்கும், நீங்கள் வாங்குவதில் அவருக்குப் பங்கு உண்டு.

கார்டு தேய்க்கும்போது கருவியில் 'யூரோவா, ரூபாயா' என்று கேட்கும். ரூபாய் என்று பார்த்ததும் நம் கை தானாக அதில் போகும். யூரோவையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் கருவிக்காரன் வைத்த மாற்று விகிதம், நமக்கு எப்போதும் நட்டம்.

பழைய பாக்காரோ கடைகளில் பல இரவு எட்டு, எட்டரைக்கெல்லாம் கதவைச் சாத்திவிடும், ஞாயிறு விடுமுறையும் உண்டு. வெள்ளி அல்லது சனி ஆறு மணிக்கு ஆரம்பியுங்கள். வெளியே எடுத்துப்போன கோப்பையைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் மேடைமேல் வைத்துவிட்டு ஸாத்தெரே வரை நடங்கள். சாந்த்தா லூச்சியா நிலையத்திலிருந்து மெஸ்த்ரேக்கு ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். ஏறும் முன் டிக்கெட்டை நடைமேடையில் உள்ள பச்சைப் பெட்டியில் முத்திரையிடுங்கள், காகித டிக்கெட்டுக்கு அது கட்டாயம்.