சாயநீரும் சாம்பலும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அனல்மின் நிலையச் சாம்பலைப் போட்டால் சாயநீரின் நிறம் உண்மையிலேயே போகுமா?

குறையும். சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். எரியாமல் தங்கிய கரியும் கொஞ்சம் இருக்கும். சாயம் இவற்றின் மேல் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் நிறம் நீக்க வழக்கமாகப் போடும் ஆக்டிவேட்டட் கார்பன் என்ற நுண்துளைக் கரியில் ஒரு கிராமின் மேற்பரப்பு சுமார் 1000 சதுர மீட்டர். சாதாரண சாம்பலுக்குச் சில சதுர மீட்டர்தான். அதனால் அள்ளி அள்ளிப் போட வேண்டியிருக்கும்.

கேள்வி: கல்லூரி புராஜெக்டில் மெத்திலீன் ப்ளூ சாயம் அருமையாக நீங்கியது. சாயப்பட்டறைத் தண்ணீரில் அப்படி நடக்கவில்லையே?

உங்கள் செய்முறையில் தவறில்லை, சாயம்தான் வேறு. மெத்திலீன் ப்ளூ நேர்மின்னேற்றம் கொண்டது. தண்ணீரில் சாம்பலின் மேற்பரப்பு பெரும்பாலும் எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக்கொண்டன. திருப்பூரில் பருத்திக்குப் போடுவது ரியாக்டிவ் சாயம். அதுவும் எதிர்மின்னேற்றம், போதாததற்கு சோடா போட்டதால் தண்ணீரும் காரம். அமிலம் விட்டு பிஎச்சை (அமில-கார அளவை) இறக்கிப் பாருங்கள். அப்புறம், எந்தச் சாம்பல் என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம், அதுவே பிஎச்சை ஏற்றிவிடும்.

கேள்வி: சாம்பலுக்குப் பதிலாக அலுமினா ஆலையின் சிவப்புச் சேறு சாயத்தைப் பிடிக்குமா?

காஸ்டிக் சோடா கலந்த சேறு அது, வெறும் கையால் தொடாதீர்கள். கழுவி, அமிலத்தில் பதப்படுத்தினால் சாயத்தைப் பிடிக்கும்.

கேள்வி: சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். நிறம் போன தண்ணீரை ஓடையில் விடலாமா?

விடவே கூடாது. அந்தத் தண்ணீரை எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் காயவையுங்கள். தட்டில் வெள்ளையாகப் பூத்து நிற்பது, சாயம் ஏற நீங்கள் கொட்டிய உப்பு. சாம்பல் அதைப் பிடிக்காது. நொய்யல் கரைக் கிணறுகளையும், ஒரத்துப்பாளையம் அணையை நம்பியிருந்த வயல்களையும் பாழாக்கியதில் இந்த உப்புக்குப் பெரும்பங்கு உண்டு. பாசனத்துக்குக் கட்டிய அணை, சாயநீர்க் குட்டையாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சொல்லும் நிலை வந்தது. உப்பைப் பிரிக்க ஆர்ஓ (சவ்வு வழியே தண்ணீரை வடிக்கும் கருவி) வேண்டும், அதில் மிஞ்சுவதைக் காய்ச்ச ஆவியாக்கி வேண்டும். ஆர்ஓவுக்கு முன்னால் நிறத்தைக் குறைக்க மட்டும் சாம்பலை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாயம் ஏறிய சாம்பலை என்ன செய்வது?

இதைக் கேட்டதற்கு நன்றி, பலர் கேட்பதில்லை. வெளியில் குவித்தால் மழையில் சாயம் திரும்ப இறங்கும். சாம்பலிலுள்ள ஆர்சனிக், குரோமியம் போன்றவையும் கசியலாம். செங்கல்லில் சேர்ப்பதானால், ஒரு கல்லை உடைத்து நீரில் ஊறவைத்து, அந்த நீரைச் சோதனைக்கு அனுப்பிவிட்டுச் சேருங்கள். சரி, நூறு லிட்டருக்கு எத்தனை கிலோ போட்டீர்கள், இப்போது அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.