பகலில் கார் ஆபீஸில் நின்றால் வீட்டு சோலாரால் என்ன பயன்?

தினமும் 40 கி.மீ. ஓட்டுகிறேன், காரை ராத்திரிதான் சார்ஜ் போட முடியும், சோலார் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக உதவும்.

நெக்ஸான் ஈவி மாதிரி கார் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 6 கி.மீ. ஓடும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து உங்களுக்கு நாளைக்கு 7 அல்லது 8 யூனிட் வேண்டும். நம்மூர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஆக, காருக்கு மட்டும் 2 கிலோவாட் போதும். வீட்டையும் நினைத்து 3 கிலோவாட்டாகப் போடுங்கள். பிரதமரின் சூர்ய கர் மானியமும் அந்த அளவில்தான் உச்சம், 78,000 ரூபாய்.

சரி, ராத்திரிக்கு? தனி பேட்டரி வாங்கச் சொல்வார்கள், அவசரப்படாதீர்கள். நெட் மீட்டர் வைத்தால் பகலில் மிஞ்சும் மின்சாரம் ஈபி லைனுக்குப் போகும், ராத்திரி நீங்கள் எடுக்கும் யூனிட்டில் அது கழியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உற்பத்தி படுத்துவிடும். அந்த மாதங்களில் பில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும்.

பலருக்கும் தெரியாத ஒன்று: கரண்ட் போனால், ஈபி லைனோடு இணைந்து பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் ஆன்‑கிரிட் இன்வெர்ட்டரும் நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும். லைனில் வேலை செய்பவர் மீது மின்சாரம் பாயக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மின்வெட்டிலும் சார்ஜ் ஏற வேண்டுமானால் பேட்டரியுள்ள ஹைப்ரிட் அமைப்பு தேவை, செலவு எகிறிவிடும்.

அப்புறம், 15 ஆம்பியர் பிளக்கில் கார் மணிக்கணக்கில் ஏறக்குறைய 3 கிலோவாட் இழுக்கும். அதற்குத் தனி வயரும் ஒழுங்கான எர்த்தும் போடச் சொல்லுங்கள்.