ரயிலில் போன் நெட்டில் லேப்டாப்: மதுரைக்குள் 2 ஜிபி எங்கே போகிறது?

கேள்வி: வேலை விஷயமாக மாதம் இரண்டு முறை திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வந்தே பாரத்தில் போகிறேன். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை இணைத்துக்கொள்வேன். மெயில் பார்ப்பது, ஒரு மீட்டிங், அவ்வளவுதான். ஆனாலும் மதுரை வருவதற்குள் அன்றைய 2 ஜிபி தீர்ந்துவிடுகிறது. மீட்டிங் நடுவில் நெட் திடீரென்று நின்றுவிடுகிறது, ஆனால் லேப்டாப்பில் வைஃபை சின்னம் அப்படியே இருக்கிறது. கேபிளில் இணைத்தால் சரியாகுமா? தனியாக டாங்கிள் (சிம் போட்டு நெட் எடுக்கும் சின்னக் கருவி) வாங்கலாமா?

பதில்: டாங்கிளுக்குக் கடைசியில் வருவோம். முதலில் அந்த 2 ஜிபி.

நீங்கள் மெயில் மட்டும்தான் பார்த்தீர்கள். லேப்டாப் அப்படி இருக்கவில்லை. வைஃபை கிடைத்தாலே அது வீட்டு பிராட்பேண்ட் என்று எடுத்துக்கொள்வதுதான் அதன் வழக்கம். வண்டி மணியாச்சி தாண்டும் முன்னே விண்டோஸ் அப்டேட்டை இறக்கத் தொடங்கியிருக்கும். நேற்று இரவு டெஸ்க்டாப்பில் போட்டு வைத்த வீடியோ ஃபைலை ஒன்டிரைவ் மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். ஆன்டிவைரஸும் ஆஃபீஸும் தங்கள் பங்குக்கு அப்டேட் தேடும். போனில் ‘வைஃபை இருந்தால் மட்டும் அப்டேட்’ என்று நாம் போட்டு வைத்திருப்போம். லேப்டாப்புக்கோ உங்கள் ஹாட்ஸ்பாட்டும் ஒரு வைஃபைதான்.

நான் சொல்வதை நம்பிக்கொண்டிருக்காமல் நீங்களே பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், டேட்டா யூசேஜ் என்று வரிசையாகப் போங்கள். கடந்த 30 நாளில் எந்த ஆப் எவ்வளவு இழுத்தது என்று பட்டியலே இருக்கும். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று பெயர்களிலேயே ஆள் அகப்பட்டுவிடும்.

இதற்கு மருந்து ஒரே ஒரு சுவிட்ச்: ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’. ஹாட்ஸ்பாட்டில் இணைந்திருக்கும்போதே, வைஃபை செட்டிங்ஸில் உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரின் ப்ராபர்டீஸைத் திறந்தால் இது இருக்கும். ஆன் செய்துவிட்டால், இது அளந்து கொடுக்கப்படும் நெட் என்று விண்டோஸுக்குப் புரிந்துவிடும். பெரும்பாலான அப்டேட்டுகளை ஒத்திப்போடும், ஒன்டிரைவும் தானாக நின்றுகொள்ளும். கூகுள் டிரைவ் போன்ற மற்றவற்றை அந்தந்த ஐகானில் போய் நீங்களே ‘பாஸ்’ செய்துவிடுவது நல்லது. மேக் வைத்திருப்பவர்களுக்கு வைஃபை விவரங்களில் ‘லோ டேட்டா மோட்’ என்று இருப்பது இதே வேலையைச் செய்யும்.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. இந்த சுவிட்ச் அந்த ஒரு வைஃபை பெயருக்கு மட்டுமே பொருந்தும். போன் மாற்றினாலோ ஹாட்ஸ்பாட் பெயரை மாற்றினாலோ மறுபடி போட வேண்டும். கேபிளில் இணைத்தால் இன்னும் மோசம்: விண்டோஸ் அதை வைஃபையாகவே பார்க்காது, ‘ஈதர்நெட்’ என்று காட்டும். ஈதர்நெட் என்றால் அதற்கு அளவில்லாத ஆபீஸ் லைன். ஆகவே ஈதர்நெட் பக்கத்திலும் போய் மீட்டர்டு சுவிட்சைத் தனியாகப் போடுங்கள். இது தெரியாமல் ‘கேபிளுக்கு மாறியதும் டேட்டா இன்னும் சீக்கிரம் தீருகிறது’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான்.

அடுத்து மீட்டிங். ஒரு சின்னக் கணக்கு நினைவிருந்தால் போதும்: நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி (8 மெகாபிட் சேர்ந்தால்தான் 1 எம்பி). வீடியோ மீட்டிங் 2 மெகாபிட் அளவில் ஓடினால் மணிக்கு 900 எம்பி ஆகிவிட்டது. மீட்டிங் முடிந்து ஒரு படம் பார்த்தால்? நெட்ஃபிளிக்ஸ் தன் கணக்கிலேயே எச்டி தரத்துக்கு மணிக்கு 3 ஜிபி வரை என்கிறது. யூடியூபும் போனின் சின்னத் திரைக்கு 480-இல் ஓடும், லேப்டாப்பின் பெரிய திரையைக் கண்டதும் 1080-க்குத் தாவிவிடும். தரத்தை நீங்கள்தான் கையால் இறக்க வேண்டும்.

2 ஜிபி தீர்ந்தபின் நம் ஊர் பிளான்களில் பெரும்பாலும் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டுக்கு இறங்கும். அந்த வேகத்தில் 10 எம்பி அட்டாச்மென்ட் ஒன்று வந்து சேர 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஓடிபி வரும், வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், அதோடு சரி. அவசரம் என்றால் டேட்டா பூஸ்டர் போடுவதுதான் வழி. இரவு ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு வசதி: தினசரி அளவு நள்ளிரவு 12 மணிக்குப் புதிதாகத் தொடங்குகிறது. பெரிய ஃபைலை 12 மணி தாண்டி இறக்கிக்கொள்ளலாம், விழித்திருந்தால்.

‘எனக்குத்தான் அன்லிமிடெட் 5ஜி இருக்கிறதே’ என்று சிலர் கேட்பார்கள். போன் 5ஜி டவரில் நிற்கும்வரைதான் அந்த அன்லிமிடெட். ஊர் எல்லை தாண்டி 4ஜிக்கு இறங்கியதும் தினசரி 2 ஜிபியிலிருந்து கழிய ஆரம்பிக்கும். ரயிலில் இந்த மாற்றம் உங்கள் கண்ணில் படாமலே நடந்துகொண்டிருக்கும்.

சரி, நெட் நிற்கும் விஷயம். வைஃபை சின்னம் இருக்கிறது, இன்டர்நெட் மட்டும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது நல்ல துப்பு. லேப்டாப்புக்கும் போனுக்கும் நடுவில் எல்லாம் சரியாக இருக்கிறது, போனுக்கும் டவருக்கும் நடுவில்தான் அறுகிறது என்று அர்த்தம். கேபிள் போட்டாலும் இந்த அறுபடல் அப்படியே இருக்கும்.

டவர் இல்லாத இடம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எனக்கு முதல் சந்தேகம் உங்கள் இரண்டாவது சிம் மேல். இரண்டு சிம் போன்களில் பெரும்பாலானவை ஒரு நேரத்தில் ஒரு சிம்மைத்தான் முழுதாக இயக்கும். டேட்டா முதல் சிம்மில் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது சிம்முக்கு அழைப்பு வந்தால், பேசி முடிக்கும்வரை முதல் சிம்மின் டேட்டா நின்றுவிடும். சில போன்களில் மணி அடித்தாலே போதும். ‘உங்கள் பார்சல் எங்கே கொடுக்கணும் சார்’ என்று யாரோ அழைத்த அந்த அரை நிமிடத்தில் மீட்டிங்கில் நீங்கள் சிலையாகிவிடுவீர்கள். டேட்டா சிம்முக்கே அழைப்பு வந்தால் இந்தத் தொல்லை வராது, வோல்ட்இ (4ஜி வழியாகவே பேசும் வசதி) இருந்தால் பேச்சும் டேட்டாவும் சேர்ந்தே ஓடும்.

அடுத்த முறை நிற்கும்போது போனை ஒரு பார்வை பாருங்கள். அழைப்பு வந்துகொண்டிருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. சிம் செட்டிங்ஸில் ‘ஆட்டோ டேட்டா ஸ்விட்சிங்’ என்பதுபோல ஒன்று இருக்கும், ஐபோனில் ‘அலவ் செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்’. இதை ஆன் செய்தால், பேசும் நேரத்துக்கு டேட்டா அந்த இரண்டாவது சிம்முக்கு மாறிக்கொள்ளும். அந்த சிம்மிலும் டேட்டா பேக் இருந்தால்தான் பலன். இல்லையென்றால் மீட்டிங் முடியும்வரை இரண்டாவது சிம்மை அணைத்து வையுங்கள். பேங்க் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும் என்றால் அதையும் யோசித்துக்கொண்டு.

அழைப்பு எதுவும் வராமலே நிற்கிறது என்றால் டவர் மாறும் சிக்கல். வண்டி வேகமாக ஓடும்போது போன் டவர் விட்டு டவர் தாவுகிறது. அதோடு 5ஜியிலிருந்து 4ஜி, மறுபடி 5ஜி என்று மாறுவதும் சேர்ந்தால் மீட்டிங் விக்கும். மீட்டிங் நேரத்துக்கு மட்டும் நெட்வொர்க் வகையை 4ஜி என்று நிறுத்திப் பாருங்கள். வேகம் குறையும், ஆனால் அறுபடுவது குறைய வாய்ப்பு அதிகம். மீட்டிங்குக்கு வேகத்தைவிட அறுபடாமல் இருப்பதுதான் முக்கியம். அன்லிமிடெட் 5ஜி போய் தினசரி டேட்டா கழியும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை. சிக்னல் கோடு முழுதாக இருந்தும் எதுவும் நகரவில்லை என்றால் ஏர்பிளேன் மோடைப் பத்து நொடி போட்டு எடுங்கள். போன் டவரை முதலிலிருந்து தேடிப் பிடிக்கும். ஹாட்ஸ்பாட்டும் அதோடு அணைந்துவிடும், மறுபடி போட மறக்காதீர்கள்.

போனை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. ஏசி பெட்டி முழுக்க உலோகம், கண்ணாடியும் திறக்காத கண்ணாடி. சிக்னல் உள்ளே வருவது பெரும்பாலும் ஜன்னல் வழியாகத்தான். போன் சட்டைப் பையிலோ முன் சீட்டின் வலைப் பையிலோ இருப்பதைவிட ஜன்னலோரம் இருந்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் காலையில் வடக்கே போகும் வண்டியில் வலது பக்க ஜன்னலில் வெயில் நேரே விழும். ஹாட்ஸ்பாட் ஓடும் போன் ஏற்கெனவே சூடாக இருக்கும், அதில் வெயிலும் சார்ஜரும் சேர்ந்தால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். முடிந்தால் இடது பக்கம் சீட் எடுங்கள்.

இப்போது கேபிள். மேலே சொன்ன டவர் பிரச்சினைகளை அது தீர்க்காது என்றாலும், ரயிலுக்கு யுஎஸ்பி கேபிளைத்தான் நான் சொல்வேன். ஒரு பெட்டியில் எத்தனை பேரின் ஹாட்ஸ்பாட், எத்தனை புளூடூத் இயர்போன்! 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் எல்லாம் முட்டிக்கொள்ளும். கேபிளுக்கு அந்த நெரிசல் இல்லை. போன் பேட்டரியும் இறங்காது. கேபிளைச் செருகியபின் ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங் பக்கத்தில் ‘யுஎஸ்பி டெதரிங்’ ஆன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அந்த எழுத்து மங்கலாகவே இருக்கிறது, தொட்டால் ஒன்றும் ஆகவில்லை என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். பவர் பேங்கோடு வரும் சில கேபிள்களில் சார்ஜுக்கான கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா போகாது. ஐபோனை விண்டோஸில் கேபிளால் இணைக்க ஆப்பிளின் மென்பொருளை முன்பே லேப்டாப்பில் போட்டிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனும் மேக்கும் கேபிளில் எல்லா மாடலிலும் ஒத்துப்போவதில்லை, அங்கே வைஃபைதான்.

வைஃபை ஹாட்ஸ்பாட்டிலேயே இருப்பதென்றால், லேப்டாப் தாங்கும் பட்சத்தில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். பழைய லேப்டாப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணிலேயே படாது, ஹாட்ஸ்பாட் பெயர் வரவில்லை என்று தேடுபவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். ஐபோனில் ‘மேக்ஸிமைஸ் காம்பேட்டிபிலிட்டி’ போட்டால் 2.4-க்கு இறங்கிவிடும். லேப்டாப் இணையும்வரை பர்சனல் ஹாட்ஸ்பாட் திரையைத் திறந்தே வைத்திருங்கள். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட்டே ஆன் ஆகவில்லை என்றால் ‘டேட்டா சேவர்’ ஆனில் இருக்கிறதா பாருங்கள், அது ஹாட்ஸ்பாட்டைத் தடுக்கும். பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். எட்டு மணி நேரம் ஒரே பெட்டியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் பொழுது போகாது.

புளூடூத் டெதரிங் என்று மூன்றாவது ஒன்று உண்டு. வேகம் 2 மெகாபிட்டைத் தாண்டினால் பெரிது. மீட்டிங்குக்கு உதவாது. மெயிலுக்குப் போதும், பேட்டரியும் கம்மியாகச் செலவாகும். லேப்டாப் நினைத்தாலும் அதிகம் இழுக்க முடியாது என்பது இதில் ஒரு லாபம்.

மீட்டிங்குக்கு என் யோசனை வேறு: போனிலேயே சேருங்கள், உங்கள் கேமராவை அணைத்துவிட்டு. ஸ்லைடு காட்ட வேண்டும் என்றால் மட்டும் லேப்டாப்பில் சேரலாம். வெறும் குரலுக்குத் தேவையான டேட்டா வீடியோவோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை, சிக்னல் மெலிந்த இடத்திலும் தாக்குப்பிடிக்கும். மீட்டிங்குக்கு வேண்டிய ஃபைல்களை முந்தின இரவே வீட்டு நெட்டில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் விபிஎன் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: போனில் விபிஎன் போட்டால் பொதுவாக அது ஹாட்ஸ்பாட் வழியாகப் போகும் லேப்டாப்புக்குச் சேராது. லேப்டாப்பிலேயே போட வேண்டும்.

டாங்கிள் இப்போதைக்கு வேண்டாம். அதற்குள்ளும் ஒரு சிம்தான், அதே டவர்தான். தனி ரீசார்ஜ், தனி சார்ஜிங் வேறு. மாதம் இரண்டு முறை போகிறவருக்கு அது வீண் செலவு. அந்தப் பணத்தில் பாதியை இரண்டாவது சிம்முக்கு வேறு கம்பெனியின் சின்ன டேட்டா பேக்காகப் போட்டு வையுங்கள். கோவில்பட்டிப் பக்கம் ஒன்று இழுக்காவிட்டால் இன்னொன்று இழுக்கும். வாரத்தில் நாலு நாள் பயணம், போன் முழுக்க ஆபீஸ் அழைப்புகளிலேயே இருக்கிறது என்ற நிலை வந்தால் அப்போது டாங்கிள் பற்றி யோசிக்கலாம்.